ஃபைட்டர் மீனின் கிழிந்த வாலுக்கு மெத்திலீன் புளூ ஊற்றலாமா?

ஊற்ற வேண்டாம். வால் துடுப்பு இரண்டு இடத்தில் கிழிந்திருந்தாலும் மீன் வழக்கம்போலச் சாப்பிடுகிறது என்கிறீர்கள். அதற்குச் சுத்தமான நீரே போதும். அந்த மருந்து வடிகட்டியில் வாழும் நல்ல பாக்டீரியாக்களையும் கொன்றுவிடும். பிறகு, அவை சிதைத்துவந்த மீன் கழிவின் நச்சான அம்மோனியா ஏறி, ஆற வேண்டிய இடம் அழுகத் தொடங்கலாம்.

இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றுங்கள். புதுநீர் குளோரின் நீக்கியதாக, அதே வெப்பநிலையில் இருக்கட்டும். நீரைப் பரிசோதித்தால் அம்மோனியாவும், அது சிதையும்போது உண்டாகும் நைட்ரைட்டும் 0 காட்ட வேண்டும்.

மீன் தனியாக இருப்பதால் எனக்குச் சந்தேகம் தொட்டியில் நீங்கள் வைத்திருக்கும் பிளாஸ்டிக் செடி மீதுதான். பழைய நைலான் காலுறையை அதன்மேல் இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கினால் துடுப்பும் சிக்கும். (சில ஃபைட்டர்கள் தம் வாலைத் தாமே கடித்துக்கொள்ளும், அது வேறு தலைவலி.)

சில நாட்களில் கிழிசலின் ஓரத்தில் கண்ணாடி போன்ற மெல்லிய விளிம்பு தெரியும். அது புது வளர்ச்சி, பூஞ்சை என்று பயந்துவிடாதீர்கள். ஆனால் ஓரம் கறுத்தோ சிவந்தோ துடுப்பு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போனால் அது துடுப்பழுகல் நோய். அப்போது மட்டும் மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, பாக்டீரியாவுக்கான மருந்தைக் கொடுங்கள்.