அசல் ஆட்கள் எத்தனை பேர்?

கேள்வி: கரீபியன் கடலில் டொமினிக்கா என்ற குட்டித் தீவில் பழங்குடியினருக்கென்று தனி வட்டாரமே இருக்கிறதாமே? கலப்பில்லாத அசல் ஆட்கள் இன்னும் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்?

பதில்: அந்த 'அசல்' வேண்டாமே. ரத்தத்தை அளந்து மக்கள்தொகை எழுதுகிறவர்களோடு இந்தப் பக்கத்தில் பலமுறை மல்லுக்கட்டியாகிவிட்டது. இன்னும் விடுவதாக இல்லை. ஓர் இனத்தைக் காகிதத்திலேயே ஒழித்துக்கட்ட இதைவிடச் சுலபமான வழி கிடையாது. அம்மா கலினாகோ (நீங்கள் கேட்கும் பழங்குடியின் பெயர் அதுதான்; 'கரீப்' என்றும் சொல்வார்கள்), அப்பா ஆப்பிரிக்க வம்சாவளி என்றால் பிள்ளையைக் கணக்கிலிருந்து தள்ளிவிட வேண்டியது. மூன்று தலைமுறை இப்படித் தள்ளினால் மிச்சம் பூஜ்யம். பிறகு 'கரீப்கள் அழிந்துபோனார்கள்' என்று பாடப்புத்தகத்தில் போட்டுவிடலாம்.

அழியவில்லை. தீவின் வடகிழக்குக் கரையில் படாக்கா, சாலிபியா, சினெக்கு என்று எட்டு ஊர்கள். பரப்பு 3,700 ஏக்கர். ஜனம் 2,000-க்கு மேல், 3,000-க்குள். யார் அந்த ஊர்க்காரர் என்பதை 1978-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது: அங்கே பிறந்தவர், அல்லது பெற்றோரில் ஒருவராவது கலினாகோவாக இருப்பவர், அல்லது முறைப்படி 12 வருடம் அங்கே குடியிருந்தவர். ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. 'கரீப்' என்பது வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர். 2015-இல் அதை நீக்கி, கலினாகோ என்ற தங்கள் பெயரையே சட்டத்தில் ஏற்றிவிட்டார்கள்.

இவர்களைக் காப்பாற்றியது நிலம். 1763-இல் ஒப்பந்தப்படி தீவு கைக்கு வந்து பிரிட்டிஷார் அதை மனை மனையாக விற்றபோது இவர்களுக்கு விட்டது சாலிபியாவை ஒட்டி 232 ஏக்கர், அதுவும் மலையும் பாறைக்கரையும். 1903-இல் ஹெஸ்கெத் பெல் என்ற நிர்வாகி அதை 3,700 ஏக்கராக்கினார். அது பொதுச் சொத்து. தலைவரும் கவுன்சிலும் ஊருக்காக வைத்திருக்கிறார்கள். உழ ஆளில்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் கிடக்கும் துண்டை ஊர்க்காரர் எவரும் கேட்டு வாங்கிப் பயிர் செய்யலாம். விற்கத்தான் முடியாது. தொல்லையும் அங்கேதான்: பட்டா இல்லை, அடமானம் வைக்க வழியில்லை, வங்கி கடன் தராது. வீடு கட்டவும் கைக்காசுதான். 2017 செப்டம்பரில் மரியா புயல் கூரைகளைப் பிய்த்தெறிந்தபோது இது எவ்வளவு பெரிய இடி என்று யோசித்துப்பாருங்கள். இருந்தாலும் என் ஓட்டு பொதுநிலத்துக்குத்தான். தனிப்பட்டாவாகப் பிரித்திருந்தால் கடலைப் பார்த்த மனைகள் என்றைக்கோ கைமாறிப்போயிருக்கும்.

1930-இல் கடத்தல் ரம்மையும் புகையிலையையும் பிடிக்கிறோம் என்று போலீஸ் சாலிபியாவுக்குள் புகுந்தது. ஊர் எதிர்த்தது, துப்பாக்கி வெடித்தது, இரண்டு பேர் செத்தார்கள். அரசு 'டெல்லி' என்ற போர்க்கப்பலை வரவழைத்துக் கரையோரம் வெளிச்சக்குண்டு போட்டு மிரட்டியது. தலைவர் ஜாலி ஜானின் பதவியைப் பறித்தது. தலைவர் பதவி திரும்பி வர 1952 ஆயிற்று. 2023-இல் அதே கலினாகோ மக்களில் ஒருவரான சில்வானி பர்ட்டன் நாட்டின் ஜனாதிபதியானார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: கூடை. லாருமான் என்ற நாணல் போன்ற செடியின் தண்டைக் கீறி வெயிலில் காயவைத்தால் செம்பழுப்பு. சேற்றில் புதைத்து எடுத்தால் கறுப்பு. மேல்தோலைச் சுரண்டி எடுத்தால் வெளிர்நிறம். சாயமே கிடையாது, இந்த மூன்றை வைத்துத்தான் அத்தனை கோலமும். நல்ல கூடை இரட்டைச் சுவர். உள்ளே ஒரு பின்னல், வெளியே ஒரு பின்னல், நடுவில் வாழையிலை போன்ற பலிசியே இலை. அந்த இலைதான் மழைநீரை உள்ளே விடாது. இலை வைக்காமல் ஒற்றைச் சுவராகப் பின்னியதும் பார்வைக்கு அழகாகவே இருக்கும், மழைக்கு உதவாது. அந்தப் பக்கம் போகிறவர்கள் சாலையோரக் கடையில் இரட்டைச் சுவர்க் கூடையைக் கேட்டு வாங்குங்கள். வேலை இரண்டு பங்கு, பேரம் பேசாதீர்கள்.