ஒண்ணாம் வகுப்பு டீச்சர்

அன்புள்ள ஐயா,

நான் பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஐடி வேலையில் இருக்கிறேன். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளிக்கு 20 டேப் (டேப்லெட்) வாங்கித்தர நண்பர்கள் பணம் சேர்த்திருக்கிறோம். ஆசிரியர்களுக்கு ஆன்லைனில் இரண்டு நாள் பயிற்சியும் தரலாம் என்று யோசனை. என்ன தலைப்புகள் வைக்கலாம்? போர் முடிந்து இத்தனை வருடமாகியும் அங்கே கல்வி ஏன் எழவில்லை?

(கடிதம் சுருக்கப்பட்டது)

அன்புள்ள தம்பி,

டேப்பை வாங்கிவிட்டீர்கள் என்றால் அனுப்புங்கள். வாங்கவில்லை என்றால் வாங்காதீர்கள். அதில் பேச வேறொன்றும் இல்லை.

'ஏன் எழவில்லை' என்ற கேள்விதான் எரிச்சலாக இருக்கிறது. 2009 மே மாதம் சண்டை முடிந்தபோது வவுனியா முகாம்களில் முள்வேலிக்குள் ஏறத்தாழ 3 லட்சம் பேர். அந்த ஆகஸ்டிலேயே மெனிக் பாம் முகாம் பிள்ளைகள் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதினார்கள். சொல்லிக்கொடுத்தவர்களும் அதே கூடாரத்தில் படுத்து, அதே தண்ணீர் வரிசையில் நின்றவர்கள்தான். பிறகு ஊர் திரும்பிய இடங்களில், மிதிவெடியைக் கண்டால் தொடாதே என்பதும் ஒரு பாடம். உயர்தரம், அதாவது நம்ம பிளஸ் டூ, முடித்த தொண்டர் ஆசிரியர்கள் நிரந்தர நியமனம் இல்லாமல் வருடக்கணக்கில் வகுப்பை ஓட்டினார்கள். இவர்களுக்கு நீங்கள் ஒயிட்ஃபீல்டிலிருந்து பவர்பாயின்ட் போட்டு என்ன சொல்லப்போகிறீர்கள்?

கோபிக்காதீர்கள். உங்கள் மனசு நல்ல மனசு. அதனால்தான் திட்டுகிறேன்.

பெங்களூர் அல்சூரில் நான் படித்த தமிழ் மீடியம் பள்ளியில், ஒண்ணாம் வகுப்பில் எங்களோடு பெஞ்சில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். புடவை கட்டிய அக்கா. ஃபெயிலாகி ஃபெயிலாகி அங்கேயே தங்கிவிட்டார் என்று நான் நம்பினேன். புதிதாக வேலைக்கு வந்த டீச்சர் அவர் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு டெர்ம் முழுக்க எங்கள் டீச்சர் பாடம் நடத்துவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மணி அடித்ததும் இருவரும் வாசல்படியில் உட்காருவார்கள். டீச்சர் தினமும் கேட்பது ஒரே கேள்வி: "இன்னிக்கு யார் வாயே திறக்கல?" முதலில் அந்த அக்கா திருதிருவென்று விழிப்பார். போகப்போக மூன்று பேர், நான்கு பேர் என்று பெயர் சொல்லத் தொடங்கினார். மறுநாள் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் பலப்பம் எடுத்துக் கொடுக்கும் வேலை.

இதைத்தான் பயிற்சி என்கிறேன். ஆசிரியர்களை உருவாக்கும் இலங்கையின் கல்வியியற் கல்லூரிகளிலும் மூன்று வருடப் படிப்பில் கடைசி வருடம் பள்ளிக்கூடத்தில்தான் கழிகிறது. அதை வகுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் ஹோட்டல் ஹாலும் சான்றிதழும் வேண்டியிருக்கிறது. நல்ல டீச்சர் கிடைத்தால் உடனே பத்தாம் வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறோம். நேற்று வந்தவரிடம் ஒண்ணாம் வகுப்பைத் தள்ளுகிறோம். பெங்களூரிலேயே இது அநியாயம். அப்பாவைப் பறிகொடுத்த வீட்டிலிருந்து, பேச்சே இல்லாத பிள்ளை வந்து உட்காரும் வகுப்பில்?

சேர்த்த பணத்தில் ஒரு டீச்சரை ஒரு டெர்ம் முழுக்க நல்ல டீச்சர் ஒருவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். பஸ் காசும், அவர் வகுப்பைப் பார்த்துக்கொள்பவருக்குச் சம்பளமும் போதும்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். பள்ளி அதிபர் பெயர் இருக்கிறது, டேப்பின் மாடல் நம்பர்கூட இருக்கிறது. ஒண்ணாம் வகுப்பை யார் எடுக்கிறார் என்பது மட்டும் இல்லை. கேட்டுவிட்டு எழுதுங்கள்.