சிறுகதை எழுதக் கற்றுக்கொள்ள வகுப்பில் சேரலாமா? அங்கே அப்படி என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

தாராளமாகச் சேரலாம். நானும் சென்னையில் சனிக்கிழமை காலைகளில் நடந்த ஒரு வகுப்பில் உட்கார்ந்தவன்தான். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் நடத்துகிறவரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: "என் கதையை எல்லாரும் படித்துவிட்டு வந்து பேசுவார்களா? திருத்தி எடுத்துவந்தால் மறுபடியும் படிப்பீர்களா?" சார் பேசுவார், நீங்கள் குறிப்பெடுத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தால் அந்தப் பணத்துக்குப் புத்தகம் வாங்கிவிடுங்கள். கரு, பாத்திரம், முரண், உச்சம் என்று பலகையில் எழுதிப்போடும் சமாசாரமெல்லாம் யூடியூபில் சும்மாவே கிடைக்கிறது.

உருப்படியான வகுப்பு என்றால் கதையை முன்கூட்டியே எல்லாருக்கும் அனுப்பிவிட வேண்டும். வகுப்பில் மற்றவர்கள் பேசுவார்கள். எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகம் 1936இல் தொடங்கிய எழுத்துப் பட்டறையோடு சேர்த்துச் சொல்லப்படும் முறை இது. எழுதியவரையும் பேசவிட வேண்டும் என்று இப்போது அமெரிக்காவிலேயே இதன்மேல் விமர்சனம் இருக்கிறது. என்னைக் கேட்டால், புதிதாக எழுதுகிறவருக்கு இந்த வாய்ப்பூட்டு நல்லதுதான். "அது வந்து சார், அவளுக்கு ஏற்கெனவே அப்பாவைப் பிடிக்காது, அதனாலதான்..." என்று நாக்கு நுனிவரை வரும். அந்த விளக்கம் தாளில் இல்லை என்பது அப்போதுதான் உறைக்கும். பத்திரிகையில் படிக்கிறவர் நமக்கு போன் போட்டுக் கேட்கப்போவதில்லையே.

எங்கள் வகுப்பில் ஒருவர் எழுதிய கதையைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் மகனிடம் பணம் கேட்கலாம் என்று அவன் வீட்டுக்குப் போகிறார். கதை முழுக்கக் கண்டக்டரின் கண் வழியாகவே நடக்கிறது. நடுவில் ஒரு வரி: "மருமகள் மனதுக்குள் சலித்துக்கொண்டாள்." மூலையில் இருந்த ஒரு பெண், "அது இவருக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேள்வி. அடுத்த வாரம் அந்த வரி இப்படி வந்தது: "மருமகள் காப்பியைக் கையில் கொடுக்காமல் டீப்பாய் மேல் வைத்துவிட்டுப் போனாள். சூடே இல்லை." சலிப்பு என்ற சொல் போய்விட்டது, சலிப்பு நன்றாகத் தெரிந்தது. அதோடு, அவர் பணம் கேட்காமலே கிளம்பிவிடுவது ஏன் என்று கடைசியில் விளக்கிய ஒரு பெரிய பத்தியும் தேவையில்லாமல் போயிற்று. அதையும் அடித்தார். ஒரு வரியைச் சரிசெய்யப் போய் முக்கால் பக்கம் குறைந்தது.

அதே கதையில் இன்னொரு விவகாரம் கிளம்பி, அன்று பாதி வகுப்பு அதிலேயே கழிந்தது. கண்டக்டரை 'அவர்' என்று எழுதுவதா, 'அவன்' என்று எழுதுவதா? எங்களுக்குக் கொடுத்த குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலப் பாடப்புத்தகங்களிலிருந்து எடுத்தவை; அவற்றில் இந்தப் பேச்சே கிடையாது. 'அவர்' என்றால் கதை சொல்கிறவன் ஓரடி தள்ளி, மரியாதையாக நிற்கிறான். அந்த மனிதருடைய அற்ப நினைப்பைச் சொல்ல வரும்போது கை கூசுகிறது. 'அவன்' என்றால் உள்ளே புகுந்துவிடலாம், ஆனால் அறுபது தாண்டியவரை அப்படி எழுதினால் சிலருக்குக் காதில் உறுத்தும். பெயரை மட்டும் போட்டுத் தப்பிக்கலாம் என்றால் வினைமுற்று விடாது. வந்தான், வந்தார் என்று ஏதாவது ஒன்றில் முடித்தே ஆக வேண்டும். எழுதியவர் கடைசியில் நடப்புக் காட்சிகளில் 'அவர்' என்றும், தோளில் பையை மாட்டிக்கொண்டு புட்போர்டில் தொங்கிய இளவயது நினைவுகளில் 'அவன்' என்றும் வைத்துக்கொண்டார். அருமையாக இருந்தது. இதையெல்லாம் தனியாக உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க எனக்கு ரொம்ப நாள் ஆகியிருக்கும்.

திருத்தி எழுதுவதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ரேமண்ட் கார்வர் தன் ஆசிரியர் ஜான் கார்ட்னரைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். 1950களின் கடைசியில், கலிபோர்னியாவில் சிக்கோ என்ற ஊரில் இருந்த கல்லூரி. சிறுகதை எழுதுகிறவர்கள் ஒரு பருவம் முழுக்க ஒரே ஒரு கதை எழுதினால் போதும், ஆனால் அதையே திரும்பத் திரும்பத் திருத்த வேண்டும். கார்ட்னர் காற்புள்ளிவரை உட்கார்ந்து பார்ப்பாராம். வீட்டில் எழுத இடமில்லாத கார்வருக்குத் தன் அலுவலக அறைச் சாவியையும் கொடுத்திருக்கிறார். வாரம் ஒரு கதை எழுதவைப்பதாக விளம்பரம் செய்யும் வகுப்பைப் பார்த்தால் எனக்கு இது ஞாபகம் வரும்.

நம்மூரில் அசோகமித்திரனே அயோவாவில் எழுதக் கற்றவர்தானே என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அப்படி இல்லை. 1973இல் அவர் அங்கே போனது சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்கு. அது 1967இல் தொடங்கியது, பல நாட்டு எழுத்தாளர்கள் சில மாதம் தங்கி எழுதுகிற ஏற்பாடு; வகுப்பு அல்ல. போகும்போதே அவர் பெயர்பெற்ற எழுத்தாளர்.

வகுப்பால் எழுத்தாளர் உருவாக முடியுமா என்ற பழைய சண்டைக்குள் நான் போகவில்லை. இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் படைப்பெழுத்து படித்த நாவலாசிரியர் கசுவோ இஷிகுரோ 2017இல் இலக்கிய நோபல் வாங்கினார். எனக்குத் தெரிந்து தமிழில் பெரிய ஆட்கள் யாரும் வகுப்புக்குப் போகவில்லை. சிற்றிதழும் மூத்த எழுத்தாளர்களின் கடிதமும்தான் அவர்களுக்குக் கிடைத்தன. இரண்டுக்கும் உதாரணம் இருக்கிறது, சரி. வாசிக்காமல் வருகிறவருக்கு மட்டும் வகுப்பு ஒன்றும் செய்ய முடியாது. அப்படிச் சிலர் எங்களோடும் இருந்தார்கள். சீரியலைத் தவிர வேறு கதை தெரியாததால் எல்லாக் கதையிலும் ஆஸ்பத்திரியும் மாமியாரும் வந்தார்கள்.

பணமோ நேரமோ இல்லை என்றால் வாசிக்கிற பழக்கம் உள்ள மூன்று நான்கு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருவர் கதை. வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். "எந்த வரியில் அலுப்புத் தட்டி வேறு வேலை பார்க்கப் போனீர்கள்? அங்கே ஒரு கோடு போட்டு அனுப்புங்கள்" என்று கேளுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் கோடு போட்டிருந்தால் அந்தப் பத்தியைத் தயங்காமல் அடித்துவிடலாம். அம்மாவை மட்டும் இந்தக் குழுவில் சேர்க்காதீர்கள். அவர் கோடே போடாமல் கடைசிவரை படித்துவிடுவார்.