டர்பனில் இல்லாத மலேரியா குரூகரில் ஏன்?

கேள்வி: சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்து ஒரு வருடமாகிறது. ஈஸ்டர் விடுமுறையில் குடும்பத்தோடு குரூகர் வனவிலங்குப் பூங்காவுக்கும் அங்கிருந்து மொசாம்பிக்கின் மபுட்டோவுக்கும் போகிறோம். மகனுக்கு ஆறு வயது. மழை ஓய்ந்துவிட்டது, டர்பனிலும் யாருக்கும் மலேரியா இல்லை. எனக்கு ஊரில் இரண்டு முறை வந்து போயிருக்கிறது. கையில் குளோரோகுயின் என்ற மலேரியா மாத்திரை இருக்கிறது. அது போதுமா டாக்டர்?

பதில்: போதாது. மாத்திரைக்குப் பிறகு வருகிறேன், முதலில் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

டர்பனில் இன்று மலேரியா இல்லை என்பது சரி. ஆனால் டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணம் முன்பு இப்படி இருக்கவில்லை. 1932ஆம் ஆண்டில் மட்டும் இந்த மாகாணத்தில் 22 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மலேரியாவால் இறந்தார்கள். வீட்டுச் சுவர்களில் மருந்தடித்து அடித்துத்தான் அதை வடகிழக்கு மூலைக்கு, ஜோசினி, மங்குசி பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். அது தவிர லிம்போபோ, ம்புமலாங்கா மாகாணங்களில் உள்ள தாழ்நிலத்தில் இருக்கிறது. குரூகர் அந்தத் தாழ்நிலம்தான். மபுட்டோவில் ஆபத்து இன்னும் கூடுதல்.

ஜோகன்னஸ்பர்க்கில் இல்லாததற்குக் காரணம் உயரமும் குளிரும். கொசு நோயாளியைக் கடித்தவுடனே அடுத்தவருக்குப் பரப்பிவிடாது, கிருமி அதன் உடலுக்குள் முதிர வேண்டும். 27 டிகிரி வெப்பத்தில் அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள், 20 டிகிரியில் கிட்டத்தட்ட நான்கு வாரம். அதற்குள் பெரும்பாலான கொசுக்கள் செத்துவிடும்.

மழை நின்றதால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். மழை விட்டுத் தேங்கிய குட்டையில் கொசு பெருகி, கிருமி முதிர்ந்து, கடிபட்டவருக்குக் காய்ச்சல் வர வாரங்கள் ஆகும். அதனால்தான் இங்கே செப்டம்பர் முதல் மே வரை மலேரியாக் காலம் என்கிறோம். ஏப்ரல் அதற்குள்தான் வருகிறது. வறண்ட வருடத்தில் நோய் குறையும், நல்ல மழை வருடத்தில் ஏறும். ஆனால் வானிலை மேல் மட்டும் பழி போட முடியாது. 1996இல் சுவரில் அடிக்கும் டிடிடி என்ற பூச்சிமருந்தை விட்டு வேறு மருந்துக்கு மாறினார்கள், அந்த மருந்துக்கு அடங்காத கொசு திரும்பி வந்தது. 2000இல் நாடு முழுவதும் நோயாளிகள் 60 ஆயிரத்தைத் தாண்டினார்கள். அப்புறம் டிடிடியையே மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

சென்னையில் உங்களுக்கு வந்தது பெரும்பாலும் வைவாக்ஸ் என்ற மலேரியா வகையாக இருக்கும். மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் வளரும் கொசு பரப்புவது அது. ஆளை வாட்டும், அபூர்வமாகவே கொல்லும். இங்கே இருப்பது அநேகமாக எல்லாமே பால்சிபாரம் என்ற கொடிய வகை. இரண்டு மூன்று நாள் அசட்டையாக இருந்தால் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். ஊரில் வந்துபோன காய்ச்சல் இதற்குக் கவசமாகாது.

குளோரோகுயினுக்கு இங்குள்ள பால்சிபாரம் அடங்குவதில்லை. உங்களுக்கு டாக்சிசைக்ளின் என்ற மாத்திரை ஒத்துவரலாம், டர்பன் திரும்பியும் நான்கு வாரம் விழுங்க வேண்டும். எட்டு வயதுக்குக் கீழ் அது கூடாது. மகனுக்கு எடை பார்த்து அட்டோவகோன்-புரோகுவானில் தரலாம். பயணத்துக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். மனைவி கருவுற்றிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது. மாலை மங்கியதும் முழுக்கைச் சட்டை, கொசு மருந்து, வலை எல்லாம் வேண்டும்.

மாத்திரை போட்டாலும் காய்ச்சல் வரலாம். திரும்பி வந்த சில வாரங்களுக்குள் சூடோ நடுக்கமோ கண்டால், ஃப்ளூ என்று பாராசிட்டமாலோடு படுக்காமல் அன்றே ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். குரூகர் போனேன், மபுட்டோ போனேன் என்று நீங்களாகவே சொல்லுங்கள். டர்பன் மருத்துவருக்கு மலேரியா சட்டென்று நினைவுக்கு வராமல் போகலாம். முதல் பரிசோதனையில் இல்லை என்று வந்து காய்ச்சலும் விடாவிட்டால், மறுநாள் திரும்பவும் ரத்தம் கொடுங்கள்.