நிசான் ஸ்கைலைன் ஆர்32 ஜிடிஎஸ்-டி என்ற பின்சக்கர டிரைவ் காரைப் பழைய பாகங்களை வைத்து ஆல் வீல் டிரைவாக (நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும்படி) மாற்ற முடியுமா?

முடியும். ஆனால் பாகங்களை ஒவ்வொன்றாகத் தேடி அலையாதீர்கள். அதே ஆர்32-இன் ஆல் வீல் டிரைவ் வகையான ஜிடிஎஸ்-4 வண்டி ஒன்றை, விபத்தில் அடிபட்டதாகப் பார்த்து முழுதாக வாங்கிவிடுங்கள். இரண்டிலும் ஆர்பி20டிஇடி இன்ஜின்தான், அது பெரிய சவுகரியம்.

கஷ்டமான இடம் ஆயில் சம்ப், அதாவது இன்ஜினுக்கு அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி. ஜிடிஎஸ்-4-இல் முன் டிஃபரன்ஷியல் (இடது, வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) சம்போடு ஒட்டியே இருக்கும். ஒரு பக்கத்துத் தண்டு சம்புக்குள் குறுக்கே புகுந்து மறுபக்கச் சக்கரத்துக்குப் போகும். அதனால் இன்ஜினை இறக்கியே ஆகவேண்டும். அப்புறம் கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்து அனுப்பும் பெட்டி), முன் கிராஸ்மெம்பர் (இன்ஜினைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), ஹப்கள் எல்லாம் மாறும். வெல்டிங் வேலையும் வரலாம், இரண்டு பாடியையும் அளந்து பாருங்கள்.

பலர் கோட்டை விடுவது வயரிங்கில். நிசானின் ஆல் வீல் டிரைவ் அமைப்பான அட்டீசாவில், சக்கர வேகத்தை அளக்கும் ஏபிஎஸ் சென்சார்களும் வண்டியின் முடுக்கத்தை அளக்கும் ஜி சென்சாரும் சொல்வதைக் கேட்டு, ஹைட்ராலிக் அழுத்தம் டிரான்ஸ்ஃபர் கேஸில் உள்ள கிளட்ச் தகடுகளை நெருக்கும். அதிகபட்சம் 50 சதவீத விசை முன்னால் போகும். அழுத்தம் இல்லையென்றால் வண்டி பழையபடி பின்சக்கர வண்டிதான். ஆகவே ஹார்னஸை (வயர்க் கட்டை) வெட்டாமல், பம்ப், கம்ப்யூட்டரோடு சேர்த்து எடுங்கள்.

பின் டிஃபரன்ஷியலையும் அதே வண்டியிலிருந்து போடுங்கள். முன், பின் விகிதமோ டயர் விட்டமோ வேறுபட்டால் அந்தக் கிளட்ச் ஓயாமல் தேய்ந்து கருகும்.

வெறும் கிரிப்தான் வேண்டுமா? நல்ல டயரும், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் எல்எஸ்டி டிஃபரன்ஷியலும் போதும்.