இடிந்த சுவரை அள்ளும் முன்

புயல் மழையில் பின்பக்கச் சுவரும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் விழுந்துவிட்டன, தெருமுனை காலி மனையில் கொட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் சார். 2016-ல் வந்த கட்டுமானக் கழிவு விதிகளிலேயே கழிவை உண்டாக்கியவர்தான் பொறுப்பு என்று இருந்தது. சாலையிலோ மழைநீர் வடிகாலிலோ தள்ளினால் மாநகராட்சி அபராதம் போடும். சென்னை என்கிறீர்கள், 1913-க்குப் போன் போட்டு உங்கள் பகுதிக்கு எந்த இடம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நிவாரணம் கேட்பதாக இருந்தால் விஏஓ வந்து பார்க்கும்வரை எதையும் கலைக்காதீர்கள். வழி அடைத்துக் கிடந்தால் நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டு அள்ளுங்கள். இன்சூரன்ஸ் சர்வேயருக்கும் அதுவே உதவும்.

எனக்குக் கவலை அந்தக் கூரைதான். ஆஸ்பெஸ்டாஸை உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார் பறந்து நுரையீரலில் தங்கிவிடும். தண்ணீர் தெளித்து நனைத்து, மேலும் நொறுக்காமல் எடுத்து, தடித்த பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தனியாக வையுங்கள். செங்கல் குவியலோடு கலக்க வேண்டாம். தூளை உலர்ந்தபடி பெருக்கவே கூடாது. ஆட்களுக்கு பி-100 வகை வடிகட்டி உள்ள மாஸ்க் வாங்கிக் கொடுங்கள், என்-95 மாஸ்க்கோ துண்டு கட்டிக்கொள்வதோ போதாது.

கம்பியைப் பழைய இரும்புக்குப் போடலாம். முழுச் செங்கல் உங்களுக்கே உதவும். மற்றதற்கு டிராக்டர்காரர் "நான் பாத்துக்கறேன் சார்" என்றால் விடாதீர்கள், எங்கே கொட்டுகிறார் என்று கேளுங்கள். ஏரிக்கரையில் கொட்டிவிட்டுப் போனால் தேடி வருவது உங்களைத்தான்.