உங்கட காசு, உங்கட காணி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (ஒட்டுசுட்டானில இருந்து ஒரு வாசகி): அண்ணை, அரசாங்கத்தின்ர வீண்செலவைப் பற்றி எந்த நாளும் எழுதுறீங்கள். நாங்கள் கூலிக்குப் போற சனம், வருமானவரி கட்டுறேல்ல, அவங்கள் எதுக்குச் செலவழிச்சா எங்களுக்கென்ன?

பதில்: நீங்களும் வரி கட்டுறீங்கள் தங்கச்சி, வடிவா யோசிச்சுப் பாருங்கோ. சவுக்காரம் வாங்கினா வற் (பெறுமதி சேர் வரி), போனுக்கு ரீலோட் போட்டா வற், 2024 தையில இருந்து டீசலுக்கும் வற், 18 வீதம். டீசல் ஏறினா உழவுக்கூலி ஏறும், அது கடைசியில உங்கட சோத்துக் கோப்பையிலதான் வந்து நிக்கும். முதலாளிக்கும் அதே வீதம், உங்களுக்கும் அதே வீதம். வரி காணாட்டி காசு அச்சடிக்கிறது, அது இன்னும் மோசம். 2019 கடைசியில வற்றை 15இல இருந்து 8க்குக் குறைச்சாங்கள், வரி குறையிறது நல்லதுதான், ஆனா செலவைக் குறைக்கேல்ல, பிறகு கொரோனாவும் வந்திட்டுது, துண்டுவிழுந்ததை மத்திய வங்கி அச்சடிச்சு நிரப்பினது, 2022 சித்திரையில வெளிநாட்டுக் கடன் கட்டேலாது எண்டு கையை விரிச்சாங்கள், அந்த வருசம் புரட்டாதியில பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்டப் போட்டுது. நீங்கள் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசின்ர பெறுமதியை ஒருத்தரும் கேக்காமலே எடுத்திட்டாங்கள். அதுவும் வரிதான். 2023இல வந்த மத்திய வங்கிச் சட்டம் அரசாங்கத்துக்கு நேரடியா அப்பிடிக் காசு குடுக்கிறதைத் தடுக்குது, அதில கை வைக்க எந்தக் கட்சி வந்தாலும் நாங்கள் விடக்கூடாது.

கேள்வி (வவுனியா வாசகர்): பெரிய விமான நிலையம் மாதிரி ஒண்டு வன்னியிலயும் கட்டினா பொடியங்களுக்கு வேலை கிடைக்கும்தானே?

பதில்: தெற்கில கட்டின மத்தளை விமான நிலையத்தைப் பாருங்கோ தம்பி. சீன எக்சிம் வங்கியின்ர கடன் மட்டும் 190 மில்லியன் டொலர், 2013இல திறந்தவை, 2015இல அங்க நெல்லு மூட்டை அடுக்கினவை. கடனைக் கட்டுறது நீங்களும் நானும். வேண்டாம்.

கேள்வி (முள்ளியவளையில இருந்து ஒரு ஐயா): செலவைக் குறைச்சா எங்களுக்கு வாற கொஞ்சமும் நிண்டுபோகும். எல்லாத்தையும் இழந்த சனத்துக்கு இது நியாயமே?

பதில்: ஐயா, பள்ளிக்கூடத்தையோ ஆஸ்பத்திரியையோ குளக்கட்டையோ குறைக்கச் சொல்லி நான் கேக்கேல்ல. சண்டை முடிஞ்சது 2009இல, இண்டைக்கும் பட்ஜெட்டில பாதுகாப்புக்குப் போறது பெரிய பங்குகளில ஒண்டு, 2030க்குள்ள ஆமியை ஒரு லட்சமாக் குறைக்கிறம் எண்டு 2023 தையில அவங்களே சொன்னவங்கள், அதை முதல்ல இஞ்ச குறைக்கட்டும் எண்டுதான் கேக்கிறன். வன்னியில ஆமி தோட்டம் செய்யுது, சம்பளம் வரிக்காசில, பக்கத்துக் காணியில கடன்பட்டுப் பயிர் வைக்கிற எங்கட சனம் அந்த மரக்கறியோட எப்பிடி விலையில போட்டி போடுறது? கேப்பாப்பிலவுச் சனம் 2017இல ரோட்டோரம் இருந்து போராடினது நிவாரணம் கேட்டில்ல, படை பிடிச்சு வைச்சிருந்த சொந்தக் காணியைக் கேட்டு. அதில இன்னும் விடாத காணி கிடக்கு. இஞ்சால வனவளத் திணைக்களம் சனம் வெட்டித் துப்புரவாக்கின வயலுக்குள்ள எல்லைக்கல் நடுது.

மிச்சப் பேரில கனபேரிட்ட இருக்கிறது பெர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில குடுத்த காணி, 1935ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் காலத்துக் காணிச் சட்டம். அதை நினைச்சபடி விக்கவோ ஈடு வைக்கவோ ஏலாது, அதால வங்கி இலேசில கடன் தராது, பெண்கள் நுண்கடன்காரரிட்டப் போய் வட்டியில மாட்டுப்படுகினம். முழு உரிமை குடுக்கிற காணி உறுதி எழுதிக் குடுக்க புதுசா டொலர் கடன் ஒண்டும் வேண்டாம், அளந்து எழுதிக் கையெழுத்து வைச்சாக் காணும். எம்பிமார் கோயில் திருவிழாவுக்கு வரேக்க கட்டடமும் மண்டபமும் கேக்காதேங்கோ, ஐயா, உறுதியைக் கேளுங்கோ.